130 பேர், 6 மாதம்... வங்கதேசம் தையல் கற்ற கதை! திருப்பூரின் வெளிநாட்டுப் பயணங்களில் யாருக்கு சீட்?

திருப்பூர் 15 வேலம்பாளையத்தில் ஏதாவது ஒரு தெருவில் காலை எட்டரை மணிக்கு நின்று பாருங்கள். கேட்டுக்கு கேட் ஒரே மாதிரி போர்டுகள் தொங்கும். 'ஓவர்லாக், பேட்லாக் டெய்லர் தேவை', 'செக்கிங் ஆட்கள் தேவை', 'கைமடி தேவை'. டிபன் பாக்ஸோடு ஆட்கள் உள்ளே போவார்கள். இரவு எட்டரைக்கு 'ஒன்றரை ஷிப்ட்' முடிந்து வெளியே வருவார்கள்.

இதே திருப்பூரிலிருந்து இன்னொரு கூட்டம் அவ்வப்போது விமானம் ஏறுகிறது. வியட்நாம், வங்கதேசம், இலங்கை, சீனா, இத்தாலி, ஜெர்மனி என்று ஊர்கள் மாறும், போட்டோ மட்டும் மாறாது. பேனர் பிடித்தபடி ஒரு குரூப் போட்டோ, ஒரு ஆட்டோமேட்டிக் மிஷின் ஓடும் 30 விநாடி வீடியோ, உள்ளூர் சங்கத் தலைவருக்குப் பொன்னாடை. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் 24 மணி நேரம் இருந்துவிட்டு மறைந்துவிடும்.

இதற்குப் பெயர் தொழில் ஆய்வுப் பயணம், 'பிசினஸ் ஸ்டடி டூர்'. இது வெறும் ஊர்சுற்றலா, உண்மையிலேயே பயன் இருக்கிறதா? பயன் இருந்தால் அது வேலம்பாளையத்தின் 20 மிஷின் ஜாப் ஒர்க் யூனிட் வரை வருகிறதா?

பதில் தேடினால் கதை 1978-க்குப் போகிறது.

இந்தப் பயணங்களில் என்ன நடக்கும்?

பெரும்பாலும் 4 முதல் 7 நாள். மூன்று பகுதிகள் இருக்கும்.

முதலாவது, கண்காட்சி. ஜவுளி இயந்திரங்களுக்கு உலகின் மிகப்பெரிய மேடை 'ஐடிஎம்ஏ'. 1951-ல் பிரான்ஸின் லீல் நகரில் தொடங்கியது. 4 வருடத்துக்கு ஒருமுறை ஐரோப்பிய நகரம் ஒன்றில் நடக்கும். 2019-ல் பார்சிலோனா, 2023-ல் மிலன், அடுத்தது 2027 செப்டம்பரில் ஜெர்மனியின் ஹனோவர்.

இரண்டாவது, ஃபேக்டரி விசிட். நிட்டிங், டையிங், கட்டிங், தையல், பேக்கிங் என்று ஒரு நிறுவனத்தின் தளத்தைச் சுற்றிப் பார்ப்பது.

மூன்றாவது, உள்ளூர் சந்திப்புகள். அங்குள்ள தொழில் சங்கம், வர்த்தகசபை, இந்தியத் தூதரக அதிகாரிகள், சில சமயம் வாங்கும் பிராண்டுகளின் உள்ளூர் அலுவலகம். பலருக்கு இதுதான் போரடிக்கும் பகுதி. ஆனால் விஷயம் இருப்பது பெரும்பாலும் இங்கேதான். அதற்குப் பிறகு வருவோம்.

திருப்பூர் எப்படிக் கற்றுக்கொண்டது?

திருப்பூரின் பனியன் கதையே ஒரு பயணத்தில்தான் தொடங்குகிறது என்று ஊரில் சொல்வார்கள். அப்போது பனியனுக்குப் பெயர்பெற்ற கல்கத்தாவில் பின்னல் மிஷினைப் பார்த்துவிட்டு வந்து, 1925 வாக்கில் எம்.ஜி.குலாம் காதர் இங்கே முதல் பனியன் கம்பெனியைத் தொடங்கினார் என்பது அந்தக் கதை.

அதற்குப் பிறகு அரை நூற்றாண்டு திருப்பூர் உள்நாட்டுக்குத்தான் பனியன், ஜட்டி தைத்தது. 1978-ல் வெரோனா என்ற இத்தாலிய வியாபாரி, மும்பை ஏற்றுமதியாளர்கள் வழியாக வெள்ளை டி-ஷர்ட் தேடி இந்த ஊருக்கு வந்தார். 1981-ல் ஐரோப்பாவின் பெரிய கடைத்தொடரான 'சி அண்ட் ஏ' வந்தது. 1990-ல் திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சங்கம் உருவானது. 1985-ல் சுமார் 15 கோடி ரூபாயாக இருந்த ஏற்றுமதி, 2024-25-ல் சுமார் 40,000 கோடியைத் தொட்டது. இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கும் மேல் இந்த ஒரு ஊரிலிருந்துதான் போகிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். திருப்பூர் உலகத்தைத் தேடிப் போனதைவிட, உலகம் திருப்பூரைத் தேடி வந்ததுதான் முதலில் நடந்தது. வாங்க வந்தவர் சாம்பிளைக் காட்டினார், குறை சொன்னார், திருத்தச் சொன்னார். அப்படியே ஊர் கற்றுக்கொண்டது. டெய்லராக இருந்தவர் நாலு மிஷின் போட்டார், நாலு நாற்பதானது. விவசாயக் குடும்பங்களிலிருந்து தொழிலாளியாக வந்து முதலாளியான இந்தத் தலைமுறையைப் பற்றி ஷரத் சாரி என்ற ஆய்வாளர் ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார்.

அதே 1978... சிட்டகாங்கில் நடந்தது என்ன?

வெரோனா திருப்பூருக்கு வந்த அதே வருடம், வங்கதேசத்தில் வேறொரு காரியம் நடந்தது.

அப்போது வங்கதேசத்தில் ஏற்றுமதி ஆடைத் தொழில் என்று சொல்லிக்கொள்ள எதுவுமே இல்லை. மறுபக்கம், தென்கொரியாவுக்கு ஒரு தலைவலி. 1974-ல் வந்த பல இழை ஒப்பந்தப்படி, எந்த நாடு எவ்வளவு துணி அனுப்பலாம் என்று அமெரிக்காவும் ஐரோப்பாவும் கோட்டா வைத்திருந்தன. கொரியாவின் கோட்டா நிரம்பிவிட்டது. கோட்டா இல்லாத ஒரு நாடு அவர்களுக்குத் தேவைப்பட்டது.

1978-ல் கொரியாவின் டேவூ நிறுவனமும், முன்னாள் அரசு அதிகாரி நூருல் காதர் தொடங்கிய தேஷ் கார்மெண்ட்ஸும் ஒப்பந்தம் போட்டன. அதன்படி 1979-ல் வங்கதேசத்திலிருந்து 130 பேர் கொரியாவின் பூசான் நகரில் உள்ள டேவூ ஆலைக்குப் போனார்கள். வெறும் முதலாளிகளின் குழு அல்ல அது. மிஷினில் உட்காருபவர்கள், சூப்பர்வைசர்கள், மேனேஜர்கள். சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பவில்லை. 6 மாதம் அங்கேயே இருந்து வேலை பழகினார்கள்.

1980-ல் சிட்டகாங்கில் தேஷ் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. அதற்குப் பிறகுதான் சுவாரஸ்யம். அடுத்த சில வருடங்களில் அந்த 130 பேரில் 115 பேர் தேஷை விட்டு வெளியேறிவிட்டார்கள். சிலர் சொந்தமாக ஆலை தொடங்கினார்கள், சிலர் புதிய ஆலைகளை நடத்தப் போனார்கள். ஒரு நிறுவனம் காசு போட்டுக் கற்றுக்கொடுத்த வித்தை நாடு முழுக்கப் பரவியது.

இன்று வங்கதேசத்தின் ஆயத்த ஆடை ஏற்றுமதி, 2024-25 நிதியாண்டில் சுமார் 39 பில்லியன் டாலர். அதே நிதியாண்டில் மொத்த இந்தியாவின் ஆயத்த ஆடை ஏற்றுமதியே சுமார் 16 பில்லியன் டாலர்தான். வித்தியாசத்துக்கு வரிச்சலுகை, கூலி, அரசுக் கொள்கை என்று பல காரணங்கள் உண்டு. ஆனால் முதல் பொறி அந்த 6 மாதப் பயணம்தான்.

'ஆள் போயிடுவான்' என்ற பயம்

இந்தக் கதையைத் திருப்பூர் முதலாளி ஒருவரிடம் சொன்னால், அவர் மனதில் முதலில் ஓடுவது '115 பேர் போயிட்டாங்களா!' என்பதாகத்தான் இருக்கும்.

அந்தப் பயம் நியாயமானதுதான். பீஸுக்கு 25 பைசா கூடக் கிடைத்தால் பக்கத்து கேட்டுக்கு மாறுவது பனியன் கம்பெனிகளில் சாதாரணம். லட்சக்கணக்கில் செலவழித்து ஒரு சூப்பர்வைசரை வெளிநாட்டுக்கு அனுப்பி, அவர் திரும்பி வந்த மாதமே வேறு கம்பெனிக்குப் போய்விட்டால்? அதனால் பிளைட் டிக்கெட் பொதுவாக முதலாளிக்கும் அவர் மகனுக்கும்தான் போடப்படுகிறது.

ஆனால் கணக்கைத் திருப்பிப் பாருங்கள். தேஷுக்கு அது நஷ்டம், நாட்டுக்கு அது லாபம். கற்றவர் வெளியே போவதால்தான் கற்றது பரவுகிறது. ஆக, இந்தச் செலவை ஒரு தனி நிறுவனத்தின் தலையில் கட்டினால் நடக்காது. சங்கமோ அரசோ ஏற்றுக்கொண்டால் நடக்கும். ஏனென்றால் அவர் வேலம்பாளையத்தில் எந்த கேட்டுக்குள் போனாலும் லாபம் ஊருக்குத்தான்.

தளத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

சரி, போனால் என்ன பார்ப்பது? முதலாளி கண்ணுக்கு மிஷின் தெரியும். லைன் சூப்பர்வைசர் கண்ணுக்கு வேறொன்று தெரியும்: வேலை எங்கே தேங்குகிறது என்பது.

ஆடைத் தொழிலில் 'சாம்' என்று ஒரு அளவு உண்டு. 'ஸ்டாண்டர்டு அலவ்டு மினிட்' என்பதன் சுருக்கம். ஒரு ஆடையைத் தைத்து முடிக்க நியாயமாக எத்தனை நிமிடம் ஆக வேண்டும் என்ற கணக்கு.

ஒரு உதாரணம். 30 டெய்லர்கள் உள்ள ஒரு லைன். 8 மணி நேரம், அதாவது 480 நிமிட ஷிப்ட். டி-ஷர்ட்டின் சாம் 8 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். 100 சதவீதத் திறனில் ஓடினால் 1,800 பீஸ் வர வேண்டும். 50 சதவீதத்தில் ஓடினால் 900. அதே லைனை 65 சதவீதத்துக்குக் கொண்டுபோனால் 1,170.

270 பீஸ் கூடுதல். புது மிஷின் இல்லை, புது ஆள் இல்லை. பண்டல் கைமாறும் வரிசை, நூல் மாற்றும் நேரம், ஆல்டர் பீஸ் திரும்பி வரும் எண்ணிக்கை, காலையில் முதல் ஒரு மணி நேரம் கட்டிங் வராமல் சும்மா உட்காரும் கொடுமை ஆகியவற்றைச் சரிசெய்தால் வருவது.

இதைத் தொழிலாளி பக்கமிருந்தும் பாருங்கள். அதே லைன் 50 சதவீதத்தில் கூடுதலாக அரை ஷிப்ட் ஓடினால் கிடைப்பது 450 பீஸ். அதில் பாதிக்கும் மேல், 270 பீஸ், பகலிலேயே வந்துவிடுகிறது. அந்த லாபத்தில் கூலியும் உயர்ந்தால், பிள்ளைகள் தூங்குவதற்கு முன் ஒருவர் வீட்டுக்குப் போய்ச் சேர முடியும்.

கண்ணுக்குத் தெரியாதவை

ஃபேக்டரி விசிட்டில் ஒரு சிக்கல் உண்டு. காட்டுகிறவர்கள் தங்கள் நல்ல முகத்தைத்தான் காட்டுவார்கள்.

வங்கதேசத்தில் இன்று 'லீட்' பசுமைச் சான்றிதழ் பெற்ற ஆடை ஆலைகள் 200-க்கும் மேல் இருக்கின்றன. விருந்தாளிகளை அங்கேதான் அழைத்துப்போவார்கள். அதே நாட்டில்தான் 2013 ஏப்ரல் 24 அன்று சவாரில் ராணா பிளாசா இடிந்து விழுந்து 1,100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முந்தின நாளே சுவரில் விரிசல் தெரிந்திருந்தது. அப்படிப்பட்ட கட்டடங்கள் எந்தச் சுற்றுப்பயண அட்டவணையிலும் இருப்பதில்லை. சுத்தமான ஆலையைப் பார்த்துவிட்டு 'அங்கே எல்லாமே சூப்பர்' என்று திரும்புவது பாதிக் கதை.

இன்னொரு உதாரணம், எத்தியோப்பியா. 2016-ல் திறக்கப்பட்ட ஹவாசா தொழிற்பூங்கா வரிசையாகப் புத்தம்புது ஷெட்கள், மலிவான மின்சாரம், மிகக் குறைந்த கூலி, 'அகோவா' சட்டத்தின் கீழ் அமெரிக்காவுக்கு வரியில்லாமல் ஏற்றுமதி என்று எல்லாம் கொடுத்தது. இந்திய நிறுவனங்கள் சிலவும் போய்க் கடை விரித்தன. தளத்தைப் பார்த்தவர்களுக்குக் குறை தெரிந்திருக்காது. 2020 நவம்பரில் டிக்ரே போர் வெடித்தது. 2022 ஜனவரி 1 முதல் அமெரிக்கா அந்த வரிச்சலுகையை நிறுத்தியது. ஷெட் அதே ஷெட்தான், ஆனால் கணக்கு மாறிவிட்டது.

'போரடிக்கும்' மீட்டிங்கில்தான் விஷயம்

அதனால்தான் உள்ளூர் சந்திப்புகள் முக்கியம். தளம் சொல்லாததை மேசை சொல்லும்.

வியட்நாமை எடுத்துக்கொள்வோம். 2024-ல் அதன் ஜவுளி, ஆடை ஏற்றுமதி சுமார் 44 பில்லியன் டாலர். 2020 ஆகஸ்ட் 1 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தோடு தடையற்ற வர்த்தக ஒப்பந்தமும் அதற்கு உண்டு. ஆலையைச் சுற்றிப் பார்த்தால் மிரண்டுவிடுவோம். ஆனால் அங்குள்ள சங்கத்தோடு உட்கார்ந்து பேசினால் இன்னொரு பக்கம் தெரியும். துணியில் பெரும்பகுதி சீனாவிலிருந்து வருகிறது. ஐரோப்பியச் சலுகை வேண்டுமென்றால் துணியும் வியட்நாமிலேயோ, ஒப்பந்தம் அனுமதிக்கும் நாட்டிலேயோ தயாராகியிருக்க வேண்டும். அதுதான் அவர்களுக்கு இடிக்கிறது.

நூலிலிருந்து பேக்கிங் வரை எல்லாவற்றையும் சுற்றுவட்டாரத்திலேயே முடிக்கும் திருப்பூருக்கு, தன் பலம் எது என்று அங்கே போனால்தான் புரியும்!

திருப்பூர் எடுத்துப்போய்ச் சொல்லவும் ஒரு கதை இருக்கிறது. நொய்யல் ஆறும் ஒரத்துப்பாளையம் அணையும் சாயக்கழிவால் பாழானதை ஊர் மறக்காது. பாதிக்கப்பட்ட விவசாயிகள் நடத்திய சட்டப் போராட்டத்தின் விளைவாக, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. அதற்குப் பிறகு வந்ததுதான், கழிவுநீரை ஒரு சொட்டுகூட வெளியேவிடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் முறை. செலவு அதிகம், சிக்கல்கள் இன்னும் உண்டு. ஆனால் ஒரு முழுத் தொழில் நகரமே இந்த முறைக்கு மாறியது உலகில் அரிது. சந்திப்பு மேசையில் கேட்க மட்டுமல்ல, சொல்லவும் திருப்பூருக்கு விஷயம் இருக்கிறது.

ஏன் இப்போது இந்தப் பேச்சு?

2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருட்கள் மீதான அமெரிக்காவின் கூடுதல் வரி 50 சதவீதமானபோது, திருப்பூர் ஆடிப்போனது. ஒரு சந்தையையே நம்பியிருந்த யூனிட்கள் அதிகம் அடிபட்டன. அதற்கு ஒரு மாதம் முன்பு, ஜூலை 24 அன்று, பிரிட்டனோடு வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தானது. ஒரு கதவு இறுகும்போது இன்னொன்று திறக்கிறது. எந்தக் கதவு, எந்தச் சரக்கு என்று தெரிய நேரில் போய்ப் பேசியாக வேண்டும்.

சரக்கு என்பதும் லேசான விஷயமல்ல. உலக இழை உற்பத்தியில் பருத்தியின் பங்கு கால்வாசிக்கும் குறைவு. பாலியஸ்டர் மட்டுமே பாதிக்கும் மேல். திருப்பூரோ பெரும்பாலும் பருத்தி ஊர், கோடைகால ஆடை ஊர். ஸ்போர்ட்ஸ்வேர், குளிர்கால ஆடை என்று போக வேண்டுமானால் ஊசி முதல் சாயம் வரை மாற வேண்டும். அதைக் கையால் தொட்டுப் பழகியவர்கள்தான் இங்கே வந்து செய்ய முடியும்.

சின்ன யூனிட் போக வழி இருக்கிறதா?

இருக்கிறது, ஆனால் நேர்வழி இல்லை. மத்திய சிறு, குறு, நடுத்தரத் தொழில் அமைச்சகத்தின் 'சர்வதேச ஒத்துழைப்புத் திட்டம்', வெளிநாட்டுக் கண்காட்சிகளுக்குப் போகும் சிறு நிறுவனங்களுக்கு விமானக் கட்டணம், ஸ்டால் வாடகை போன்ற செலவுகளில் ஒரு பகுதியைத் திருப்பித் தருகிறது. 'உத்யம்' பதிவு வேண்டும், தொழில் சங்கம் அல்லது அரசு அமைப்பு ஏற்பாடு செய்யும் குழுவில் போக வேண்டும். 2025 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த 25,060 கோடி ரூபாய் ஏற்றுமதி மேம்பாட்டு இயக்கத்திலும் வெளிநாட்டுச் சந்தைகளை அணுகுவதற்கான உதவி ஒரு பகுதி.

இந்த மாதிரித் திட்டங்கள் பொதுவாக நிறுவனத்தையும் ஏற்றுமதியாளரையும் மனதில் வைத்து எழுதப்படுபவை. பெரிய கம்பெனிக்குத் தைத்துக்கொடுக்கும் ஜாப் ஒர்க் யூனிட், தன் பெயரில் ஒரு பாக்ஸ்கூட ஏற்றுமதி செய்வதில்லை. அங்கே லைன் பார்க்கும் சூப்பர்வைசர் இந்தக் கணக்கில் வருவதே இல்லை.

போய்வந்த பிறகு?

தேஷ் கதையை வைத்துப் பார்த்தால், நல்ல பயணத்துக்கு நான்கு அடையாளங்கள் சொல்லலாம்:

- குழுவில் யார்? 10 பேர் போனால் அதில் 3 பேராவது தளத்தில் நிற்பவர்களாக இருக்க வேண்டும்: லைன் சூப்பர்வைசர், டையிங் மாஸ்டர், மெக்கானிக்.

- கையில் என்ன? கிளம்பும் முன்பே சொந்த யூனிட்டின் சாம், திறன், ஆல்டர் சதவீதம் தெரிந்திருக்க வேண்டும். நம் நம்பர் தெரியாமல் அவர்கள் நம்பரைக் கேட்டு என்ன செய்வது?

- எத்தனை நாள்? ஐந்து ஆலையை ஐந்து நாளில் பார்ப்பதைவிட, ஒரே ஆலையில் ஒரு முழு ஷிப்ட் நிற்பது மேல்.

- வந்தபின் யாருக்கு? திரும்பிய இரண்டு வாரத்துக்குள் ஜாப் ஒர்க் யூனிட்களைக் கூப்பிட்டுத் தமிழில் ஒரு மாலை விளக்கக் கூட்டம். வீடியோ ஸ்டேட்டஸில் மறையாமல் பயிற்சிப் பாடமாக வேண்டும்.

இதில் எதற்கும் புதுச் சட்டம் தேவையில்லை. குழுப் பட்டியலில் சில பெயர்களை மாற்றினால் போதும்.

ஹனோவர் கண்காட்சி 2027 செப்டம்பர் 16 முதல் 22 வரை. திருப்பூரிலிருந்து வழக்கம்போல் பலர் போவார்கள், பேனரோடு போட்டோவும் வரும். அந்த போட்டோவில் வேலம்பாளையத்தில் காலை எட்டரை மணிக்கு டிபன் பாக்ஸோடு கேட்டுக்குள் போகிற ஒரு முகமாவது இருக்குமா என்பதை இப்போதே முடிவு செய்ய வேண்டும். பாஸ்போர்ட், விசா, பட்டியல் எல்லாவற்றுக்கும் நேரம் இருக்கிறது.